45 வயசில் ஏர்லைன் பைலட் ஆகலாமா?

அமெரிக்காவில் ஏர்லைன் பைலட்டுக்கு 65 வயதில் கட்டாய ஓய்வு (2007 வரை 60). வேலைக்கு எடுக்க மேல்வரம்பு கிடையாது; 40 தாண்டியவரை வயசைக் காட்டி ஒதுக்கச் சட்டமும் விடாது. அப்போ பிரச்சினை எங்கே? சீனியாரிட்டியில். எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா, எப்போ கேப்டன் எல்லாமே சேர்ந்த தேதிப்படிதான். கம்பெனி மாறினால் மறுபடி வரிசையில் கடைசி ஆள்.

45-ல் பயிற்சி தொடங்குபவருக்கு 1500 மணி நேரம் பறந்து முடிக்கவே பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் ஆகிடும். அப்புறம் சின்ன ரீஜனல் கம்பெனி, அதுக்கப்புறம்தான் பெரியது. அங்கே மிஞ்சுவது பத்துப் பதினைந்து வருஷம். 40-க்கு மேல் கேப்டனுக்கு ஆறு மாசத்துக்கொரு மெடிக்கல் வேற. ஈசிஜி சொதப்பினால் சம்பளம் நிற்கும், கடன் தவணை நிற்காது.

கைக்காசில் ஃபீஸ் கட்ட முடிந்தால் 45-லும் தாராளமா போகலாம். வீட்டை அடகு வைத்துத்தான் என்றால், நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.