சாளரச் செடி

நெய்வேலியில் அகழ்ந்தெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, ஒரு காலத்தில் பசுமையுடன் விளங்கிய மரஞ்செடிகளே ஆகும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவை மண்ணுள் புதைந்து, ஒளியிழந்து, கரியாயின. 1957ஆம் ஆண்டில் தொடங்கிய சுரங்கப் பணி அவற்றை மீண்டும் கதிரவன் முன் கொணர்ந்தது. புதையுண்ட செடிக்கு வாழ்வில்லை என்பதே பொது வழக்கு. ஆயினும், உடலின் பெரும்பகுதியை மண்ணுள் மறைத்துக்கொண்டே உயிர்வாழும் செடிகளும் உள. அவற்றைச் சாளரச் செடிகள் எனலாம்.

தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் வளரும் ஹவார்த்தியா அவற்றுள் ஒன்று. அதன் ஒரு வகையில், தடித்த சிற்றிலைகள் தாமரை இதழ்களைப் போல வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இலையின் அடிப்பகுதி மண்ணுள் இருக்க, நுனி மட்டுமே வெளியே தோன்றும். அந்நுனி பச்சையாய் இராது. நீர்த்துளி திரண்டு நிற்பதுபோலத் தெளிந்து மின்னும். அதனுள் மெல்லிய பசுங்கோடுகள் ஓடும். மற்றொரு வகையிலோ இலைகள் இரு வரிசையாய் நின்று, கத்தியால் சீவப்பட்டவை போலத் தட்டையான முடியுடன் விளங்கும்.

நம் ஊர்ச் சோற்றுக்கற்றாழை இதற்கு உறவுடையது. அதன் மடலைப் பிளந்தால், புறத்தே பச்சைத் தோலும் அகத்தே நீர் நிறைந்த தெளிந்த சோறும் காணப்படும். ஹவார்த்தியாவின் நுனியில் பசுமை அருகி, உள்ளிருக்கும் சோறு வெளித்தெரிகிறது. அதுவே சாளரம். அதன் வழியே புகும் ஒளி, தெளிந்த சோற்றைக் கடந்து, மண்ணுள் மறைந்துள்ள பச்சையத்தைச் சேர்கிறது. அங்கே உணவு உண்டாகிறது. உடல் மண்ணுள் இருப்பதால் வெப்பம் மிகுதியாகத் தாக்குவதில்லை. நீரும் எளிதில் வற்றுவதில்லை. மேயும் விலங்குகளின் கண்ணுக்கும் செடி எளிதில் புலப்படாது.

இதனையொத்த கல்செடி ஒன்றை, 1811ஆம் ஆண்டில் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் பர்ச்செல் கூழாங்கல் என்றே எண்ணிக் கையில் எடுத்தாராம்.

விலங்கின் கண்ணுக்குத் தப்பிய செடிகள் மனிதனின் ஆசைக்குத் தப்பவில்லை. அரியவற்றைச் சேர்ப்போர் நல்விலை கொடுப்பதால், தென்னாப்பிரிக்காவில் இத்தகைய சதைப்பற்றுச் செடிகளின் திருட்டு 2019ஆம் ஆண்டிற்குப் பின் பெருகியது. மெல்ல வளரும் செடியைப் பறிப்பதற்கு ஒரு நொடி போதும். அது மீண்டும் உருவாகப் பல்லாண்டுகள் வேண்டும். விரும்புவோர் விதையிலிருந்தும் பக்கக் கன்றிலிருந்தும் வளர்க்கப்பட்டவற்றையே பெறுதல் முறையாகும்.

கரியாகிவிட்ட காட்டைத் தளிர்க்கச் செய்தல் எவராலும் இயலாது. உயிரோடிருக்கும் செடியைக் காத்தலோ அனைவராலும் இயலும்.