பரணில் கிடக்கும் பழம்பொருள்: எடைக்குப் போடும் முன் வியாபாரிகள் அறிய வேண்டியவை

கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வெளியூர்களில் இருந்து சொந்த ஊருக்கு வரும் குடும்பங்கள், சாமி கும்பிட்டு உறவினரைப் பார்த்ததோடு திரும்பிவிடுவதில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று பழைய பொருள்களைத் தேடி வாங்கும் பழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜா, எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, மரப்பெட்டி என்று எதையாவது தேடுகிறார்கள். அவர்கள் முதலில் விசாரிக்கும் இடம் பெரும்பாலும் கடைத்தெரு. "அண்ணாச்சி, பழைய சாமான் ஏதும் கிடக்கா?" என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்டிருப்போம்.

நம் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் மச்சுகளிலும் இத்தகைய பொருள்கள் இருக்கவே செய்கின்றன. கடையைப் புதுப்பிக்கும்போது அவற்றை அள்ளிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்தின் கணக்கு இது. சரக்கின் தரம் தெரியாமல் விற்பவன் நஷ்டப்படுவான். சட்டம் தெரியாமல் வாங்குபவன் சங்கடப்படுவான். பழம்பொருள் வியாபாரத்தில் இவ்விரண்டும் ஒருசேர நேரிடக் கூடும் என்பதால், இது பற்றி விளக்கமாக எழுத முற்பட்டோம்.

காரைக்குடி காட்டும் பாடம்

பழம்பொருள் வியாபாரம் ஒரு தெருவையே வாழ வைக்க முடியும் என்பதற்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு சான்று. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் தொழில் நடத்திய காலத்தில் பர்மா தேக்கும், ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களும், கண்ணாடிச் சாமான்களும் செட்டிநாட்டு வீடுகளில் வந்து குவிந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்தத் தொழில் பெரும் அடி வாங்கியது. பின்னாளில் குடும்பங்கள் பிரிந்து, பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் சில வீடுகள் பிரிக்கப்பட்டபோது, தூண், கதவு, விளக்கு, படம், தட்டுமுட்டு எல்லாம் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கி, வகை பிரித்து, விளக்கம் சொல்லி விற்றவர்களால் அந்தத் தெரு பெயர் பெற்றது. இன்று பல ஊர்களில் இருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே செல்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுக்காரர் பாரம் என்று நினைத்ததை வியாபாரி சரக்கு என்று கண்டார். இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் அறிவு ஒன்றுதான்.

காரைக்குடிக்கு அருகில் உள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் கழித்த காகிதங்களை வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. பலசரக்குக் கடைகளில் பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய காகிதக் கட்டுகளில் இப்படிப்பட்டவை எத்தனை போயினவோ! பழைய பேரேடும் சிட்டையும் தமிழ் எண்களில் எழுதியிருந்தால், அவற்றைக் கிழிக்கும் முன் விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

நம் பகுதியில் என்ன உண்டு?

ஆத்தூர் என்றாலே வெற்றிலை. 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெற்றிலை விளையும் ஊரில் அதைச் சார்ந்த சாமான்களுக்குக் குறைவிருக்காது. வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, படிக்கம் ஆகியவற்றைச் சேகரிப்போர் நாடெங்கும் உண்டு. புனே நகரில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில் பாக்குவெட்டிகளையே வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் துருப்பிடித்துக் கிடப்பதும் அதே இனம்தான்.

அடுத்தது அளவைகள். ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால் என்று முகத்தல் அளவைகளும், பலம், வீசை என்று எடைக்கற்களும் பழைய கடைகளில் இன்னும் கிடைக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். இது பெரியவர்களுக்கு மனப்பாடம், இளையவர்களுக்குப் புதிது. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதால், ஊர்ப் பெயரோ கடைப் பெயரோ பொறித்த படிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆழாக்கு முதல் மரக்கால் வரை ஒரே கடையில் புழங்கிய வரிசை முழுமையாக இருந்தால், அதைப் பிரித்து விற்பது பெருந்தவறு.

நம் கடற்கரைக்கே உரியது முத்து வணிகச் சாமான். முத்துக்களைத் தரம் பிரிக்கப் பித்தளையில் துளையிட்ட பத்துச் சல்லடைத் தட்டுகள் இருந்தன. முதல் தட்டில் 20 துளை. துளைகளின் எண்ணிக்கை கூடக் கூட அவை சிறிதாகி, கடைசித் தட்டில் 1000 துளை இருக்கும். முதல் தட்டில் தங்கியது பெரிய முத்து, கடைசித் தட்டில் தங்கியது பொடி முத்து. மஞ்சாடி, கழஞ்சு என்று எடை பார்க்கச் சிறு தராசும் கற்களும் உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆகவே, அத்தகைய ஒரு தட்டு எங்காவது காய்கறி வடிகட்டப் பயன்பட்டுக்கொண்டிருந்தால், அது வடிதட்டு அல்ல, நம் கடற்கரையின் சரித்திரம்.

இவை தவிர தேயிலை, சோப்பு, பிஸ்கட் கம்பெனிகள் அக்காலத்தில் கடைகளுக்குக் கொடுத்த எனாமல் விளம்பரப் பலகைகள், தகர டப்பாக்கள், மிட்டாய்ப் பாட்டில்கள், தட்டுத் தராசுகள், மரக் கல்லாப் பெட்டிகள் ஆகியவற்றுக்கும் வாங்குவோர் உண்டு.

வயதை அறிவது எப்படி?

பழையது என்று சொன்னால் போதாது. எவ்வளவு பழையது என்று சொல்லத் தெரிய வேண்டும். டப்பாவிலும் பலகையிலும் உள்ள எழுத்தே பல சமயம் வயதைச் சொல்லிவிடும்.

1. விலை அணாவில் இருந்தால், அது பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது.

2. எடை பவுண்டு, அவுன்ஸ், வீசை என்று இருந்தால், அது பெரும்பாலும் 1962க்கு முந்தியது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் எடைகள் 1958இல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாயின.

3. முகவரியில் "மதராஸ் ஸ்டேட்" என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. நம் மாநிலம் தமிழ்நாடு ஆனது அப்போதுதான்.

4. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

5. தூத்துக்குடி, ஆத்தூர் முகவரியில் "திருநெல்வேலி ஜில்லா" என்றிருந்தால் 1986க்கு முந்தியதாக இருக்கலாம். அவ்வாண்டுதான் நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது.

6. எனாமல் தட்டின் அடியில் "செக்கோஸ்லோவாக்கியா" என்ற முத்திரை இருந்தால் 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த நாடே அப்போதுதான் தோன்றியது. 1993இல் இரண்டாகப் பிரிந்தது.

பழைய லேபிளையும் அச்சுக் கட்டையையும் சில நிறுவனங்கள் நெடுங்காலம் மாற்றாமல் பயன்படுத்தியதுண்டு. எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துலக்கினால் விலை குறையும்

விற்கும் முன் புளி போட்டுப் பளபளவென்று துலக்குவதும், மரத்துக்கு வார்னிஷ் அடிப்பதும், லேபிளைக் கழுவுவதும் நம்மவர் வழக்கம். பழம்பொருளுக்கு இது நேர் எதிரான காரியம். பல ஆண்டு புழக்கத்தால் வந்த நிறமும் தேய்மானமுமே அதன் சாட்சி. நாணயத்தைத் தேய்த்தால் எழுத்தும் தேயும், விலையும் தேயும். உலர்ந்த துணியால் தூசு தட்டினால் போதும். உடைந்த மூடி, கழன்ற பிடி ஆகியவற்றையும் தூக்கி எறியாமல் கூடவே வைத்திருங்கள்.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 முதல் அமலில் உள்ளது. அதன்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கலை வேலைப்பாடுள்ள பொருள்கள் முதலியன தொல்பொருள்கள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். இவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். சிற்பம், ஓவியம் போன்ற சில வகைகளை வீட்டில் வைத்திருந்தாலே பதிவு செய்ய வேண்டும். தனியார் எவரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகக் கேட்டாலும் இது பொருந்தும்.

மண்ணில் கிடைத்தது வேறு கதை. ஆதிச்சநல்லூரும் கொற்கையும் நமக்குப் பக்கத்திலேயே உள்ளன. உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் காசோ பானையோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நினைவுக்கு வர வேண்டும். கண்டெடுத்தவர் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அத்தகைய பொருளைக் கடை வாசலில் யாராவது விலை பேசினால், கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ போகச் சொல்லுங்கள்.

கோயில் விளக்கு, மணி, "உபயம்" என்று பெயர் பொறித்த பாத்திரம், சாமி சிலை ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம். யானைத் தந்தத்தில் செய்த பொருளும், நம் வீடுகளில் அழகுக்கு வைத்திருக்கும் பவளப்பாறைத் துண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அவற்றை விற்கக் கூடாது.

பழைய படியையும் எடைக்கல்லையும் காட்சிக்கு வைக்கலாம். ஆனால் அவற்றால் சரக்கு அளந்து கொடுப்பது 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம்.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் பயன்படுத்திய பொருள்களை வாங்கி விற்கும் தொழில் செய்தால், உள்ளீட்டு வரி எடுக்காத நிலையில், லாப வித்தியாசத்துக்கு மட்டும் வரி செலுத்த விதி 32(5) இடமளிக்கிறது. 800 ரூபாய்க்கு வாங்கி 1,200 ரூபாய்க்கு விற்றால் 400 ரூபாய்க்குத்தான் வரிக் கணக்கு. பொருளின் தன்மையை மாற்றும்படி வேலை செய்திருந்தால் இச்சலுகை இல்லை. தொடங்கும் முன் ஆடிட்டரைக் கலந்து கொள்வது நலம்.

ஏமாற்றுக்காரர்கள்

எங்கே ஆசை உண்டோ அங்கே எத்தர்களும் உண்டு. ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று ஆண்டு பொறித்த "கம்பெனிக் காசு" ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. "அரிசியை இழுக்கும் செம்பு", "இரிடியம் கலசம்" என்று சொல்லி லட்சக் கணக்கில் பணம் பறிப்பதும் பகல் கொள்ளையே. எந்தக் கலசமும் அரிசியை இழுக்காது. இழுப்பது நம் பணத்தைத்தான். பழைய நோட்டுக்கும் காசுக்கும் லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்கள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. வாங்குகிறவன் பணம் தர வேண்டுமே தவிர, விற்கிறவன் முன்பணம் கட்டும் வியாபாரம் உலகில் இல்லை.

வீட்டாரைக் கேளுங்கள்

பரணில் இருப்பது பெரும்பாலும் பொதுச் சொத்து. ஒரு சகோதரர் விற்றுவிட, மற்றவர் கொடைக்கு வந்தபோது கேட்க, அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன குடும்பங்கள் உண்டு. விற்கும் முன் எல்லோரையும் கேளுங்கள். வாங்குபவராக இருந்தால், விற்பவரின் பெயர், முகவரி, கையொப்பத்துடன் ரசீது பெறுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் விலை தெரியாமல் கொடுக்கிறார்கள் என்றால், நியாயமான விலையை நாமே சொல்லிக் கொடுப்பதுதான் முறை. கிராமத்தில் ஒரு முறை ஏமாற்றியவனுக்கு மறு முறை எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

எல்லாவற்றையும் விற்றாக வேண்டும் என்பதும் இல்லை. தாத்தா உட்கார்ந்த கல்லாப் பெட்டியும், அவர் பிடித்த தராசும் கடையில் ஓர் ஓரத்தில் இருந்தால், இந்தக் கடை நேற்று முளைத்ததல்ல என்று வாடிக்கையாளருக்கு அவையே சொல்லும். அந்த நம்பிக்கைக்கு எந்தப் பழம்பொருள் வியாபாரியும் விலை போட முடியாது. ஆகவே அடுத்த முறை கிட்டங்கியை ஒழுங்கு செய்யும்போது, விற்க வேண்டியது, வைத்திருக்க வேண்டியது, தொடக் கூடாதது என்று மூன்றாகப் பிரியுங்கள். அதன் பிறகு பழைய இரும்புக்காரரை அழைக்கலாம்.