புக்கிட் லாராங்கான்: சிங்கபுர மன்னர்களின் அரண்மனைக் குன்று

விடுமுறை நாட்களில் சிங்கப்பூர் செல்லும் நம் தோட்ட மக்கள் பெரும்பாலும் தேக்காவில் இறங்கி, வீரமாகாளியம்மனை வணங்கி, சிராங்கூன் சாலையில் துணிமணி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து இரயிலில் ஒரே ஒரு நிலையம் சென்று, டோபி காட் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், 14ஆம் நூற்றாண்டில் சிங்கபுரத்தை ஆண்ட மன்னர்களின் அரண்மனை இருந்த குன்றை அடையலாம்.

இன்று ஃபோர்ட் கேனிங் எனப்படும் அக்குன்றை மலாய் மக்கள் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று, என்றழைத்தனர். ‘செஜாரா மெலாயு’ என்னும் நூல், சிங்கபுரத்தை நிறுவிய சாங் நீல உத்தமாவின் முன்னோருள் ராஜா சூலான் என்பவரையும் குறிப்பிடுகிறது. அப்பெயரில் சோழரின் நினைவு ஒலிக்கிறது என்பர். தமிழராகிய நமக்கு இது மகிழ்ச்சி தருவதே. எனினும், அது பிற்காலத்தில் எழுதப்பட்ட நூல். கதையும் வரலாறும் அதில் கலந்துள்ளன. மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகளையே நாம் உறுதியானவையாகக் கொள்ள வேண்டும்.

கோட்டை கொத்தளங்களைக் காணலாம் என்றெண்ணி அங்குச் செல்வோர் ஏமாற்றமடைவர். அரண்மனையின் சுவர் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. 1822இல் அங்கு வந்த ஜான் கிராபர்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், செங்கல் அடித்தளங்களையும், தூண் நிறுத்துவதற்கான குழிகளுடன் கூடிய கற்களையும், பழைய பழமரங்களையும் கண்டு எழுதிவைத்தார். கற்களின்மேல் மரத்தூண்கள் நின்றிருக்க வேண்டும், மரம் மக்கிவிட்டது. எஞ்சியவற்றுள் பல, 1859இல் தொடங்கிய ஆங்கிலேயரின் கோட்டை வேலையில் அழிந்தன. ஆற்றுமுகத்தில் இருந்த பழைய கல்வெட்டுப் பாறையையும் அதற்கு முன்பே, 1843இல், வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். படித்தவர்களே செய்த வேலை இது!

1928இல் அக்குன்றில் நீர்த்தேக்கம் அமைக்க மண் வெட்டிய தொழிலாளர்களின் கைகளில் பொன் நகைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கைக்காப்பு. நம் கோயில்களில் காணும் கீர்த்திமுகத்தை ஒத்த ஒரு முகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஜாவா நாட்டு வேலைப்பாடு. ஆய்வாளர் அல்லர், மண்வெட்டி பிடித்தவர்களே அரச வாழ்வின் அடையாளத்தை வெளிக்கொணர்ந்தனர். பின்னர் 1984இல் ஜான் மிக்சிக் என்னும் அறிஞர் முறைப்படி அகழ்ந்தபோது, சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன.

அகழ்ந்த குழி ஒன்றைப் பார்வைக்கு வைத்துள்ளனர். அருகிலேயே இஸ்கந்தர் ஷா மன்னரின் பெயரால் வழங்கும் கெராமாட் உள்ளது. அங்குக் காலணிகளைக் கழற்றிவிட்டு அமைதி காப்பது முறை. பூங்காவுக்குக் கட்டணமில்லை. படிகள் மிகுதியாதலால், முதியோரை அழைத்துச் செல்வோர் வெயில் ஏறுமுன் காலையிலேயே செல்லுதல் நன்று.