நெடிது வளரும் சித்திரக்கதை நலிவதேன்?

ஜப்பானியர் 'மங்கா' என வழங்கும் சித்திரக்கதைகளில் நம் மாணவர் பலர் ஆழ்ந்திருத்தலை, விடுதிப் பக்கம் மாலையில் உலவுவோர் எவரும் காணலாம். (அப்பெயருக்கும் நம் மாங்காய்க்கும் உறவு யாதுமில்லை.) அவற்றைப் படிப்போர் அனைவரும் கூறும் குறை ஒன்றுண்டு: தொடக்கத்தில் சுவை ததும்பிய கதை, ஆண்டுகள் செல்லச் செல்லச் சாரமற்றுப் போயிற்று என்பதே அது. ஆசிரியரின் கற்பனை வற்றிவிட்டது என்று கூறி இதனை முடித்துவிடுதல் எளிது. ஆயின் அக்கதைகள் வெளிவரும் முறையே இதற்குப் பெருங்காரணம் என்பது எம் கருத்து.

1968-ஆம் ஆண்டில் தோன்றிய 'ஷோனென் ஜம்ப்' என்னும் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். வாரந்தோறும் வரும் இதன் இதழில் அஞ்சலட்டை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். வாசகர் தமக்குப் பிடித்த மூன்று கதைகளை அதிற் குறித்து அனுப்புவர். வாக்குக் குறைந்த கதை சில மாதங்களில் நிறுத்தப்படும். வாக்கு மிகுந்த கதையை நிறுத்தப் பதிப்பாளருக்கு மனம் வாராது. ஆகவே ஆசிரியர் நூல் முழுமையையும் எண்ணி எழுதுதல் அரிதாகி, அவ்வார வெற்றியை எண்ணியே எழுத நேர்கின்றது.

இதன் விளைவை டோரியாமா அகிரா 1984 முதல் 1995 வரை வரைந்த 'டிராகன் பால்' என்னும் கதையிற் காணலாம். சீனரின் 'மேற்குப் பயணம்' என்னும் பழங்கதையைத் தழுவி அது தொடங்கிற்று. அப்பழங்கதையில், குரங்கு வீரன் துணைவர, துறவி ஒருவர் திருநூல்களை நாடிப் பாரதநாட்டிற்கு வருகிறார். வழி நீண்டதாயினும் அதற்கோர் எல்லையுண்டு. டோரியாமாவின் கதையிலோ ஏழு மணிகளைத் தேடும் முதற் பயணம் இருபத்துச் சில அத்தியாயங்களில் முடிந்துவிட்டது. மொத்த அத்தியாயங்களோ 519! எஞ்சியவற்றை எவ்வாறு நிரப்புவது? மற்போட்டிகள் வந்தன; பின்னர்ப் பகைவர் வந்தனர்; ஒவ்வொரு பகைவனும் முன்னவனினும் வலியனாதல் வேண்டியதாயிற்று.

வலிமையை அளக்கும் கருவி ஒன்றும் கதையில் நுழைந்தது. துப்பாக்கி ஏந்திய உழவன் ஒருவனுக்கு அது காட்டிய அளவு 5. கதாநாயகன் கோகுவிற்கு 334. பின்னர்த் தோன்றிய பிரீஸா தன் அளவு 5,30,000 என்கிறான்! எண் ஏறியதேயன்றி வியப்பு ஏறவில்லை. நாயகனோடு தோளொத்துப் பொருத தோழர் பலர் வேடிக்கை பார்ப்போராயினர். இறந்தோரை அம்மணிகள் மீட்டுத் தருவதால் இறப்பும் அச்சம் விளைக்கவில்லை. பிற்பகுதியில், கிழவரும் பருத்தவருமான இயந்திர மனிதரைப் பகைவராகப் படைத்தபோது பழைய பத்திராதிபர் முகஞ்சுளித்தாராம்; இளைஞர் இருவரைக் கொணர, அவர்களும் அவருக்குப் பிடிக்கவில்லை; அதன்பின் பிறந்தவனே செல் என்னும் பகைவன். இதனைக் கூறியவர் டோரியாமாவே. (அப்பகுதியும் சுவையுடையதே என்பாருளர், யாம் மறுக்கவில்லை.)

பதிப்பாளரை மட்டும் பழித்தலும் முறையன்று. 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பத்திரிகை 65 இலட்சம் படிகளுக்கு மேல் அச்சாயிற்று. அவ்வாண்டில் 'டிராகன் பால்' முடிந்தது. மறுவருடம், இனோவே தகேஹிகோ 1990 முதல் வரைந்துவந்த 'ஸ்லாம் டங்க்' என்னும் கூடைப்பந்துக் கதையும் முடிந்தது. 1997-இல் போட்டிப் பத்திரிகை ஒன்று முந்திவிட்டது. ஒரு கதையின் முடிவு எத்தனை பேர் ஊதியத்தைத் தொடுகின்றது, பாருங்கள்.

ஆயினும் இனோவே, புகழ் உச்சியிலிருந்தபோதே எழுதுகோலை வைத்தார். சிறுவர் அணி, நாட்டின் தலைசிறந்த அணியை வெல்லுகின்றது. அடுத்த ஆட்டத்தில் தோற்றதைச் சுருங்கச் சொல்லிவிட்டு, போட்டித் தொடர் முடியுமுன்னரே கதையை முடித்துவிட்டார். அரகாவா ஹிரோமு என்னும் பெண்மணியாரோ 'புல்மெட்டல் அல்கெமிஸ்ட்' கதையை 2001 முதல் 2010 வரை மாதப் பத்திரிகை ஒன்றில் வரைந்தார்; எண்ணிப் பார்க்க அவருக்குச் சற்று ஓய்விருந்தது. சகோதரர் இருவர் தாம் இழந்த உடலை மீண்டும் பெற முயல்வதே அக்கதை. அவ்வேட்கை தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிட்டது. அது நிறைவேறியதும், 27 தொகுதிகளோடு, அவர் நிறுத்திக்கொண்டார்.