கலாஞ்சோ: கண்ணுக்கு விருந்து... வாய்க்கு ஆகாது!

நர்சரிக்குப் போனால் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும் குள்ளச் செடி இது. உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு அடி. தடித் தடியாய்ப் பளபளக்கும் பச்சை இலைகள். அதற்கு மேலே சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், வெள்ளை என்று கொத்துக் கொத்தாகக் குட்டிப் பூக்கள். "சாகவே சாகாதும்மா, தண்ணிகூட அதிகம் வேணாம்" என்று சொல்லி நர்சரிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். அதுதான் கலாஞ்சோ.

வாங்கி வந்த இரண்டு, மூன்று மாதத்தில் பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அடித்தண்டு அழுகிச் செடி சாய்ந்துவிடும். இல்லையென்றால் இலை மட்டும் கொழுகொழுவென்று வளரும், பூ எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டுக்குமே காரணம் பெரும்பாலும் நம்மிடம்தான் இருக்கிறது. சரி செய்வதும் சுலபம்தான்.

அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. "இது நம்ம ரணகள்ளி ஜாதிதானே? கிட்னி கல்லுக்கு இலையை மென்னு தின்னலாமே!" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஏன் என்பதை, வளர்ப்பு முறையோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

எங்கிருந்து வந்தது?

கலாஞ்சோவின் பிறந்த வீடு ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கர் தீவு. அதன் வட பகுதி மலைகளில் தானாக வளர்ந்து கிடந்த செடி இது. 1932-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்து விதை வியாபாரி ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் இதை ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் பெயரையே வைத்து 'கலாஞ்சோ பிளாஸ்ஃபெல்டியானா' என்று தாவரவியல் பெயரும் வந்தது.

காட்டில் இருந்தது சிவப்புப் பூச்செடி. இன்று கடையில் கிடைக்கும் மற்ற நிறங்களும், ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் பூக்களும் மனிதன் கலந்து கலந்து உண்டாக்கியவை.

மலைச்செடி என்பதால் இதற்கு மிதமான சூடுதான் பிடிக்கும். 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை சந்தோஷமாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை. சென்னை, மதுரை, திருச்சி வெயிலிலும் வளர்க்கலாம். ஆனால் கோடையில் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ராத்திரியில் மூச்சு வாங்கும் செடி

சாதாரணச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அப்போது இலையிலிருக்கும் தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். கலாஞ்சோ குடும்பம் சிக்கனக் குடும்பம். பகலில் துளைகளை மூடிவிட்டு, ராத்திரி குளிர்ச்சியில் திறக்கும். அப்போது எடுத்த கரியமில வாயுவை ஓர் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைக்கும். பகல் வெளிச்சம் வந்ததும் அந்தச் சேமிப்பை எடுத்துச் சமையல் செய்துகொள்ளும்.

இந்த விசித்திரம் நம் பக்கத்து ரணகள்ளி மூலமாகத்தான் வெளியே பேசப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இந்த இலை காலையில் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று கவனித்து எழுதினார். 1815-ல் அது லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியானது. ராத்திரி சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்பதுதான் அந்தப் புளிப்பின் ரகசியம்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? இந்தச் செடி இலையிலேயே தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறது. நாம் தினமும் ஊற்றத் தேவையில்லை.

"ராத்திரியில ஆக்சிஜன் விடுமாம், படுக்கை அறையில வைக்கலாமாம்" என்ற பேச்சும் உண்டு. வெளிச்சம் இருந்தால்தான் எந்தச் செடியும் ஆக்சிஜனை வெளிவிடும். ராத்திரி இது கரியமில வாயுவை எடுப்பது உண்மைதான், ஆனால் ஒரு தொட்டிச் செடியால் அறைக் காற்று மாறிவிடாது. அழகுக்கு வையுங்கள், வைத்தியத்துக்கு வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

நாலு அல்லது ஐந்து அங்குல மண்தொட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். பீங்கான் கிண்ணம் அழகாக இருக்கிறதே என்று ஓட்டை இல்லாததில் வைத்தால் வேர் மூழ்கிப் போகும்.

செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது பொடி ஜல்லி ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. இதுதான் கலவை. கையில் பிடித்து அமுக்கி விட்டால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். களிமண் கூடவே கூடாது.

காலை வெயில் மூன்று, நாலு மணி நேரம் படுகிற ஜன்னல் அல்லது பால்கனி நல்லது. அக்கினி நட்சத்திரத்தில் மத்தியான வெயில் நேரே பட்டால் இலை சிவந்து சுருங்கும், அப்போது நிழலுக்கு மாற்றிவிடுங்கள். வெளிச்சமே இல்லாத மூலையில் வைத்தால் தண்டு கழுத்தை நீட்டிக்கொண்டு ஒல்லியாகப் போகும்.

"வாங்கும்போது குட்டையா இருந்துச்சு, இப்ப ஏன் இப்படி வளர்ந்துடுச்சு?" என்று சிலர் கேட்பார்கள். விற்பனைக்கு வளர்க்கிற இடங்களில் செடி குட்டையாக நிற்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளிப்பது வழக்கம். மருந்தின் வேகம் குறைந்ததும் செடி தன் இயல்புக்கு வளரும். பயப்பட வேண்டாம், நுனியைக் கிள்ளி விட்டால் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும்.

தண்ணீர்: விரலைக் கேட்டு ஊற்றுங்கள்

நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். மண்ணுக்குள் ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாக வழிகிற வரை நன்றாக ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் வாரம் இரண்டு முறை, மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறைகூடப் போதுமானதாக இருக்கும்.

இலை மேலும் பூ மேலும் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஐப்பசி அடைமழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். இலை லேசாகத் துவண்டால் தண்ணீர் கேட்கிறது. இலை மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்து மெத்தென்று ஆனால் தண்ணீர் அதிகமாகிவிட்டது. அப்படியானால் மேலே நல்லதாக இருக்கும் கிளையை வெட்டிப் புதுச்செடி போடுவதே வழி.

பூ வரலையா? விளக்கை அணையுங்க!

கலாஞ்சோ பூப்பதற்கு உரத்தைவிட நீளமான ராத்திரிதான் முக்கியம். இருட்டு நேரம் சுமார் 12 மணிக்கு மேல் தொடர்ச்சியாகக் கிடைத்தால்தான் மொட்டுக்குத் தயாராகும். சென்னையில் டிசம்பர் கடைசியில் பகல் நேரம் சுமார் 11 மணி 20 நிமிடம்தான். எனவே பனிக்காலத்தில் இயற்கையாகவே இதற்கு ஏற்ற ராத்திரி கிடைத்துவிடுகிறது.

பிறகு ஏன் சில வீடுகளில் பூப்பதில்லை? ஹாலில் டி.வி. ஸ்டாண்டு பக்கத்தில் செடி இருக்கும். பதினோரு மணி வரை டியூப்லைட் எரியும். செடியைப் பொறுத்தவரை அதுவும் பகல்தான்! தெருவிளக்கு நேராக விழும் பால்கனியிலும் இதே கதைதான்.

புரட்டாசிக் கடைசியிலிருந்து இப்படிச் செய்து பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப் பெட்டியைச் செடி மேல் கவிழ்த்துவிடுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்து நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். பதினாலு மணி நேர இருட்டு. இதை ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. மொட்டுத் தெரிந்ததும் பெட்டியை நிறுத்திவிடலாம். பொங்கல் வாக்கில் செடி கலகலவென்று பூத்து நிற்கும். பூ பல வாரங்கள் தாங்கும்.

பூ முடிந்ததும் காய்ந்த கொத்தைக் காம்போடு கத்தரித்துவிடுங்கள். வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை கைப்பிடி மண்புழு உரம் போதும்.

மாவுப்பூச்சியும் புதுச்செடியும்

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுங்கள். சாம்பல் பூசினாற்போல் இலை வெளுத்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். இடத்தை மாற்றுங்கள்.

ஒன்றைப் பத்தாக்குவது ரொம்பச் சுலபம். பூவில்லாத கிளையில் மூன்று அங்குலத் துண்டு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் நடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். காயாமல் நட்டால் அழுகிவிடும்.

ரணகள்ளி வேறு, கலாஞ்சோ வேறு

இரண்டும் ஒரே இனத்துச் சகோதரிகள். ஆனால் அடையாளம் வேறு. ரணகள்ளி மூன்று, நாலு அடிகூட வளரும். அதன் இலையை மண்ணில் போட்டால் ஓரப் பள்ளங்களில் குட்டிச்செடி முளைக்கும். பூ மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும். தொட்டிக் கலாஞ்சோ குள்ளம். இலை ஓரத்தில் குட்டி முளைக்காது. நாலு இதழ்ப் பூக்கள் வானத்தைப் பார்த்து நிற்கும்.

இந்த இனத்துச் செடிகளில் இதயத்தைப் பாதிக்கும் 'புஃபாடையினோலைடு' என்ற நச்சுப் பொருட்கள் உண்டு. இதய நோயாளிகளுக்கு டாக்டர் அளந்து தரும் டிகாக்சின் மாத்திரை எந்த வழியில் வேலை செய்கிறதோ, அதே வழியில்தான் இவையும் இதயத் துடிப்பில் கை வைக்கின்றன. மாத்திரைக்கு அளவு உண்டு. இலைக்கு யார் அளவு சொல்வது? அதுவும் டிகாக்சின் சாப்பிடுகிறவர் இந்த இலையைத் தின்றால் இரட்டை ஆபத்து.

ஆஸ்திரேலியாவில் இதே இனத்துச் செடி ஒன்று மேய்ச்சல் நிலங்களில் பரவிக் கிடக்கிறது. 1997-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மோரி ஊர்ப் பக்கத்தில் அதை மேய்ந்த 125 மாடுகள் செத்துப் போயின. பூவில்தான் நஞ்சு அதிகம்.

ஆகவே கத்தரித்த கலாஞ்சோ கிளைகளையும் பூக்கொத்துகளையும் தெருவில் வீசாதீர்கள். மாடும் ஆடும் வாய் வைக்கும். மண்ணில் புதைத்துவிடுங்கள். பூனை, நாய், முயல் வளர்க்கும் வீட்டில் அவற்றுக்கு எட்டாத உயரத்தில் தொட்டியை வையுங்கள். தவழும் குழந்தை இருந்தாலும் அப்படியே.

ரணகள்ளியை மருந்தாகக் கொடுப்பதும், அளவைச் சொல்வதும் படித்த சித்த மருத்துவரின் வேலை. பக்கத்து வீட்டு யோசனையில் அதையும் தின்ன வேண்டாம். அழகுச்செடியின் மேல் பூச்சிமருந்தும் தெளித்திருப்பார்கள், சாப்பிடுவதற்காக அதை யாரும் வளர்ப்பதில்லை.

தின்றுவிட்டால்...

குழந்தை இலையைக் கடித்துத் துப்பியிருந்தால் பதற வேண்டாம். வாயிலிருக்கும் துணுக்கை விரலால் எடுத்து, வாயைக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கியிருந்தாலோ, எவ்வளவு என்று தெரியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி, பேதி, தலைசுற்றல், படபடப்பு இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதம் வேண்டாம். செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். பூனை, நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். எச்சில் ஒழுகுவது, வாந்தி, தள்ளாட்டம் அவற்றுக்கு அபாய அறிகுறிகள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அய்யோ, இந்தச் செடியே வேணாம்" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரளி நம் வீட்டு வாசலில் எத்தனை வருஷமாக நிற்கிறது! அதைத் தின்னக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்ததால்தானே நாம் அதோடு வாழ்கிறோம்? கலாஞ்சோ புதிதாக வந்த செடி. அதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். வீட்டுக்கு வாங்கி வந்த அன்றே பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பார்க்கலாம், தண்ணி ஊத்தலாம், வாயில மட்டும் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.