பனிமலையும் பணப்பையும்

ஐரோப்பாவிலே மாரிகால விடுமுறையைப் பனிச்சறுக்கு விளையாட்டிற் கழிக்க விழையும் குடும்பத்தினர், மலையேற்றும் கம்பிவட வண்டியின் கட்டணத்தை மட்டும் நோக்குதல் போதாது. தங்குமிடம், உணவு, சறுக்குக் கட்டைகளின் வாடகை, பயிற்சிக் கட்டணம் அனைத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

சுவிற்சர்லாந்தின் செர்மாற் போன்ற பெயர்பெற்ற இடங்களை நோக்க, பல்கேரியாவிலுள்ள பான்ஸ்கோவில் இச்செலவு மிகக் குறைவு. பிரின் மலையடியிலே ஏறத்தாழ 925 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது அவ்வூர். சறுக்குப் பாதைகளோ சுமார் 2,600 மீற்றர் உயரத்தில் தொடங்குகின்றன. உயரம் மிகுந்த இடத்திலேயே பனி நெடுநாள் நிலைக்கும். தாழ்ந்த மலையில் மலிவாக அறை கிடைத்தும் பனி பொய்த்துவிடின், பிள்ளைகளின் ஆவலும் ஆண்டெல்லாம் சேமித்த பணமும் வீணாகிவிடும் அல்லவா?

பான்ஸ்கோவிலும் ஒரு குறை உண்டு. 2003 இல் அமைந்த கம்பிவட வண்டிக்காக விடுமுறை நாட்காலைகளில் நீண்ட வரிசையிற் காத்திருத்தல் நேரும். ஆதலின், முற்பணம் அனுப்புமுன் விலையோடு மலையின் உயரத்தையும் கூட்டத்தின் காலத்தையும் விசாரித்து அறிதல் நன்று என்போம்.