திரையில் காதல், பீடத்தின் முன் ஒரு கேள்வி



திருமணத் தயாரிப்பு வகுப்பு நடத்தும் குருக்கள் எல்லாருக்கும் ஓர் அனுபவம் உண்டு. "திருச்சபைச் சட்டத்தில் ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எனவே ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி இளையோரிடம் நாம் பல நேரங்களில் சினிமாவிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறோம். கிறிஸ்தவ விசுவாசமும் காதலும் சேர்ந்து வரும் தமிழ்ப் படங்கள் எவை என்றால் மூன்று பெயர்கள் தவறாமல் வரும்: பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), கௌதம் மேனனின் 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010), மணிரத்னத்தின் 'கடல்' (2013).

இந்தப் படங்களைப் பற்றி மக்கள் சொல்லும் கருத்துகளை வெறும் சினிமா விமரிசனம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அவற்றுக்குள் திருச்சபையைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது.

பெற்றோர் படமும் பிள்ளைகள் படமும்

'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் நாயகன் பிராமண இளைஞன். நாயகி மேரி, கிறிஸ்தவப் பெண். கார்த்திக்கும் ராதாவும் அதில் அறிமுகமானார்கள். முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு ஊரை விட்டுப் போகிறார்கள். வயதில் மூத்தவர்கள் சிலர், "அந்தச் சிலுவையை எறிந்த காட்சியை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை" என்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ, "எறியும்படி அவர்களைத் தள்ளியது யார்?" என்று கேட்கிறார்கள்.

32 ஆண்டுகள் கழித்து 'கடல்' வந்தது. கார்த்திக்கின் மகன் கௌதமும் ராதாவின் மகள் துளசியும் அதில் காதலர்களாக அறிமுகமானார்கள். இங்கே இருவருமே கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர்கள். கதை குருமடத்தில் தொடங்குகிறது. ஒரு குருமாணவர் செய்த தவற்றை இன்னொருவர் கண்டிக்கிறார்; தவறு செய்தவர் வெளியேற்றப்பட்டு, மனத்தில் வஞ்சம் வளர்த்துக்கொள்கிறார். கண்டித்தவர் குருவாகி, கடற்கரை ஊர் ஒன்றுக்குப் பங்குத்தந்தையாக வந்து, ஊரே ஒதுக்கிய அனாதைச் சிறுவன் தாமஸை வளர்க்கிறார். பிறகு அவரே வீண்பழி சுமந்து சிறைக்குப் போக, தாமஸ் தீயவர் கையில் சிக்குகிறான். கையில் இரத்தக் கறையோடு நிற்கும் அவனை மீட்டெடுப்பது பியாட்ரிஸ் என்ற குழந்தை மனம் கொண்ட பெண்ணின் அன்பு.

இந்தப் படம் வசூலில் தோற்றது. "காதல் படம் என்று போனோம், பிரசங்கம் கேட்டு வந்தோம்" என்றார்கள் சிலர். "ஒரு குருவை நகைச்சுவைக்காக அல்லாமல், அழவும் கோபப்படவும் தெரிந்த மனிதராகக் காட்டினார்களே" என்று மகிழ்ந்தார்கள் வேறு சிலர். நம் கருத்தைக் கேட்டால், அதில் ஓர் உண்மையான மறைக்கல்வி இருக்கிறது. தாமஸ் தன் பாவங்களை அவளிடம் சொல்கிறான்; அவள் அவனைத் தள்ளிவிடவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-ஆம் ஆண்டு 'கடவுள் அன்பாய் இருக்கிறார்' என்னும் சுற்றுமடலில் விளக்கியதும் இதைத்தான். ஆண் பெண் ஈர்ப்பும் தன்னையே கொடுக்கும் அன்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முதலாவது இரண்டாவதை நோக்கி வளர்ந்து தூய்மை பெற வேண்டும்.

எல்லையில் நின்று பார்த்த இரண்டு முடிவுகள்

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். சிப்காட் தொழிற்கூடங்களுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள், பக்கத்து அறையில் இருப்பவரின் மொழிப் படத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 26 அன்று 'விண்ணைத்தாண்டி வருவாயா' தமிழில் வந்த அதே நாளில், வேறு நடிகர்களோடு அதே கதை 'ஏ மாய சேசாவே' என்று தெலுங்கிலும் வந்தது. தமிழில் காதலர்கள் பிரிகிறார்கள், தெலுங்கில் சேர்கிறார்கள். எனவே இரண்டையும் பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு. "தமிழ் ஜெஸ்ஸி கோழை" என்றாள் ஒரு பெண். "இல்லை, அப்பாவின் கண்ணீரை மிதிக்க மனம் வரவில்லை" என்றாள் அவள் தோழி. அரைமணி நேரம் நமக்கு அங்கே வேலையே இல்லை, அவர்களே விவாதித்தார்கள்.

இறுதியில் நாம் ஒரு காட்சியை நினைவூட்டினோம். ஆலப்புழையில் ஆலயத்தில், மணக்கோலத்தில், ஜெஸ்ஸி தனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிடுவாள். திரையரங்கில் கைதட்டல் வாங்கிய காட்சி அது. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்பது யார்? திருச்சபை. கத்தோலிக்கத் திருமணச் சடங்கில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழுச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்று குரு கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. 'இல்லை' என்ற பதிலுக்கும் இடமிருப்பதால்தான் அது கேள்வியாகிறது. வன்முறையாலோ பெரும் அச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதத்தால் நடக்கும் திருமணம் செல்லாது என்று திருச்சபைச் சட்டம் 1103 சொல்கிறது. விஷப் புட்டியைக் காட்டியும் சாப்பிட மறுத்தும் பிள்ளைகளைச் சம்மதிக்க வைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

"காதலித்தவர் மதம் மாறினால்தான் கோவிலில் திருமணம்" என்று நம் மக்களில் பலர் நம்புகிறார்கள். இது தவறு. கத்தோலிக்கர் வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவரை மணக்க மறைமாவட்ட அனுமதி வேண்டும் (சட்டம் 1124). திருமுழுக்கு பெறாதவரை மணப்பதற்குத் தடை உண்டு. ஆயரின் விதிவிலக்குப் பெற்றால் அத்தடை நீங்கும் (சட்டம் 1086). இரண்டிலும் கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தம்மால் இயன்றதை எல்லாம் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவர் வாக்களிக்கத் தேவையில்லை; இந்த வாக்குறுதி அவருக்குத் தெரிந்திருந்தால் போதும் (சட்டம் 1125). அவர் மதம் மாற வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. இந்த ஒழுங்கு 1970-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை ஆறாம் பவுலின் கடிதத்தில் இருக்கிறது. அதாவது, மேரி திரையில் சிலுவையைக் கழற்றி எறிவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே!

இதனால் கலப்பு மணம் எளிது என்று நாம் சொல்லவில்லை. ஞாயிறு காலை ஒருவர் திருப்பலிக்குப் புறப்பட, மற்றவர் வீட்டில் தங்குவது சிறு காரியமல்ல. குழந்தைக்குப் பெயர் வைப்பதிலிருந்து பெரியவர்களின் இறுதிச் சடங்கு வரை ஒவ்வொன்றும் பேசித் தீர்க்க வேண்டியது. திருச்சபை தயங்குவதற்குக் காரணம் அன்பு இல்லாமை அல்ல, அக்கறை. ஆனால் அக்கறை வேறு, கதவடைப்பு வேறு. மோவாபியப் பெண் ரூத்து ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் இடம் பெற்றிருப்பதை மத்தேயு நமக்குக் காட்டுகிறார். விசுவாசம் இல்லாத துணைவரும் விசுவாசியான துணைவரால் தூய்மை பெறுவதாகப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்ணும் பையனும் இருவருமே கத்தோலிக்கராக இருந்தும், "வேண்டாம் பாதர்" என்று வரும் பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே தடுப்பது மதம் அல்ல, சாதி. நற்கருணை வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நிற்கலாம், சம்பந்தம் மட்டும் கூடாது என்றால், நாம் எறிந்த சிலுவை எது? மேரியாவது ஒரு முறைதான் எறிந்தாள்.

நம் தவறு

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்வதே நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, தொழிற்கூடச் சீருடையோடு ஓர் இளைஞர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். உடன் தெலுங்கு பேசும் இந்துப் பெண். கோவிலில் திருமணம் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். திருவிழா வேலை தலைக்கு மேல் இருந்தது. "இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்று நின்றபடியே சொல்லி அனுப்பினோம். பெரியவர்கள் வரமாட்டார்கள் என்பதால்தானே அவர்கள் நம்மிடம் வந்தார்கள்? அதை நாம் யோசிக்கவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை. பதிவு அலுவலகத்தில் திருமணம் முடிந்தது.

பின்பு ஒரு நாள் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் கைக்குழந்தையோடு அவர்களைப் பார்த்தோம். "ஏன் தம்பி, அப்புறம் வரவே இல்லையே?" என்று கேட்டோம். அவர் மரியாதையோடுதான் பதில் சொன்னார்: "நீங்க வேண்டாம்னு சொல்லல பாதர். ஆனா வாங்கன்னும் சொல்லலையே."

அன்று இரவு செபப் புத்தகத்தைத் திறந்து வைத்தும் செபிக்க முடியவில்லை. நாம் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டத்தில் இருந்த கதவைக் காட்டாமல் விட்டோம், அவ்வளவுதான். திரைப்படத்தில் ஆலயம் காதலுக்குச் சுவராகக் காட்டப்படும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்தச் சுவரில் நாம் வைத்த செங்கல் ஒன்றும் இருக்கிறதே!

அடுத்த வாரம் அவர்கள் குடியிருந்த வீட்டைத் தேடிப் போனோம். ஆயரிடம் விதிவிலக்குப் பெற்றுத் திருமணத்தை முறைப்படுத்த முடியும் என்பதை விளக்கினோம். அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: "நான் மாறணுமா?" "வேண்டாம் அம்மா" என்றோம். சில வாரங்களில், ஒரு சாதாரண வேலைநாள் மாலையில், இரண்டு சாட்சிகளோடு அது நிறைவேறியது. இன்றும் சில ஞாயிறுகளில் அவர் கடைசி வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம்.

அன்புக்குரிய பெற்றோரே, பிள்ளைகள் ஒரு படத்தைப் பற்றிச் சூடாகப் பேசினால் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். அவர்கள் உங்கள் மனத்தைத்தான் ஆழம் பார்க்கிறார்கள். இளையோரே, முடிவெடுத்த பிறகு அல்ல, முடிவெடுக்கும் முன்பே உங்கள் பங்குத்தந்தையிடம் வாருங்கள். குருக்களாகிய நாமோ, வருகிறவர்களை முதலில் உட்காரச் சொல்வோம். கானா ஊர்த் திருமணத்திற்கு அழைத்தவுடன் வந்த ஆண்டவர், நம் பிள்ளைகளின் அன்பையும் இனிய இரசமாக மாற்றுவாராக!